மின்மடல் சேர்ந்ததா? நிகழ்வுப் பதிவும் வகை முரணும்

1914ஆம் ஆண்டு தொடங்கி, 1964ஆம் ஆண்டின் பெரும்புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரையில், தலைமன்னார் இறங்குதுறைக்கும் அவ்வூருக்கும் இடையே ஓடிய கப்பலிற் கடிதப் பைகளும் கடல் கடந்தன. பதிவுத் தபால் அனுப்பினோர்க்கு ஓர் ஆறுதல் இருந்தது. மடல் கைமாறும் இடங்களில் ஏட்டிற் குறிப்பு எழுதப்படும். பெற்றவர் கையொப்பமிட்டாரா, ஆளில்லையென்று திரும்பியதா என்பதைத் தபாற் கந்தோரிற் கேட்டறியலாம். இன்று உலகெங்கும் சிதறி வாழும் நம் பழைய மாணவர்க்கு நாம் அனுப்புவது பெரும்பாலும் மின்மடலே. அதற்கும் இத்தகைய பதிவு உண்டு. அப்பதிவு சிலபோது பொய்யும் உரைக்கும். அஃது எவ்வாறு என்பதை என் கையால் நேர்ந்த பிழையொன்றைக் கொண்டே விளக்க விரும்புகின்றேன்.

மின்மடலை ஏற்கும் கணினி, அனுப்பும் கணினிக்கு மூன்றிலக்க எண்ணொன்றால் மறுமொழி கூறும். 1982ஆம் ஆண்டில் யோன் போஸ்டல் வகுத்தளித்த விதிகளில் இம்முறை அமைந்துள்ளது. 250 எனின் ஏற்றுக்கொண்டோம் என்பது பொருள். 4இல் தொடங்கும் எண், இப்போது இயலாது, பின்னர் முயல்க என்பதாம். 550 எனின் அப்பெட்டி இல்லை, அல்லது அதற்குள் இட இயலாது. இவற்றை ஒவ்வொன்றாக நமது இணையதளத்துக்கு அறிவிக்கும் அனுப்பற் சேவைகள் இன்று பல உள. அவ்வறிவிப்பையே ‘நிகழ்வு’ என்பர். ‘திறக்கப்பட்டது’ என்றொரு நிகழ்வும் உண்டு. மடலினுள் மறைந்திருக்கும் நுண்படம் ஒன்று தரவிறங்குவதைக் கொண்டு அது கணிக்கப்படுவது. 2021 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் மடற்செயலி, அந்தரங்கக் காப்பை விரும்பினோர்க்குப் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், அதனை நான் நம்புவதில்லை.

இந்நிகழ்வுகளைச் சேமிப்பதில் முதன்மையான விதி, பழைய வரியை அழித்துப் புதியதை எழுதலாகாது என்பதே. முதலில் ஒத்திவைக்கப்பட்டுப் பின்னர்ச் சேர்ந்த மடலுக்கு இரண்டு வரிகள் இருத்தல் வேண்டும். ஒரே நிகழ்வு இருமுறை அறிவிக்கப்படலாம்; முன்பின்னாகவும் வரலாம். ஆதலின் நிகழ்வின் அடையாள எண்ணையும், அது நிகழ்ந்த நேரத்தையும், வந்த அறிவிப்பை வந்தவாறேயும் காத்துவைத்தல் நன்று.

இவையனைத்தையும் செய்திருந்தும் நான் தவறினேன். சங்கத்தின் விழா அழைப்பை அனுப்பும் பணி என்னிடம் இருந்தது. மடல் சேர்ந்ததா என்னும் கட்டத்தில் ‘ட்ரூ’ அல்லது ‘ஃபால்ஸ்’ எனக் குறிக்கச் செய்திருந்தேன். ஆம், இல்லை என்னும் இரண்டே நிலைகளுடைய தனி வகையாக அவை சேமிக்கப்படும் என்று எண்ணியிருக்க, அவை வெறும் எழுத்துச்சரங்களாகவே பதிந்துவிட்டன. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் வெற்றல்லாத எழுத்துச்சரம் எதுவாயினும் ‘ஆம்’ என்றே கொள்ளப்படும். அவ்வெழுத்துகள் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பினும் அவ்வாறே. எனவே மடல் சேராதோர் பட்டியல் வெறுமையாக வந்தது. ஒருவரேனும் விடுபடவில்லையென மகிழ்ந்து, செயலாளரிடமும் அவ்வாறே கூறிவிட்டேன்.

விழா முடிந்தபின் திருச்சிராப்பள்ளியிலிருந்து முதியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அடம்பன் பக்கத்தவர்; 1990இற் படகேறி இராமேசுவரம் சென்றவர். “தம்பி, எல்லாரையும் கூப்பிட்டனீங்களாம், என்னை மட்டும் மறந்துபோனீங்களோ?” என்றார். “இல்லை ஐயா” என்று சொல்லத் தொடங்கி, மேலே பேச நாவெழவில்லை. பதிவைத் திறந்து பார்த்தேன். அவர் பெயருக்கு நேரே 550 தெளிவாக இருந்தது. மன்னாரிலுள்ள அவர் உறவினரின் தொலைபேசி எண்ணும் எம்மிடம் இருந்ததே; அதுவாவது உதவியிருக்குமோ என்று பார்த்தால், 023 எனத் தொடங்கவேண்டியது 23 எனத் தொடங்கியது. எண்வகையாகச் சேமித்தமையால் முன்னின்ற சுழியம் உதிர்ந்துவிட்டது. தொலைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. அஃது எழுத்துச்சரமாகவே இருத்தல் வேண்டும்.

பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்டை மிக விரைவில் ஆக்கினார். வகைகள் முரண்படும்போது பிழையெனக் கூறி நிற்காது, எவ்வாறேனும் பொருத்திச் செல்வதே அம்மொழியின் இயல்பு. இக்குறையைப் போக்க 2012இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. இன்ன கட்டம் எண், இன்னது எழுத்துச்சரம் என்று நாம் முன்னரே அறிவித்தால், செய்நிரல் இயங்குமுன்னரே முரணை அது சுட்டிக்காட்டும். ‘எனி’ என்னும் வகையை இட்டு அதன் வாயை அடைப்போரும் உளர். நானும் அவ்வாறு செய்தவனே.

ஆயினும் இயங்கும் வேளையில் அவ்வகைகள் எவையும் எஞ்சியிரா. வெளியிலிருந்து வரும் அறிவிப்பு எவ்வடிவில் வருமென்பதை டைப்ஸ்கிரிப்ட் அறியாது. நாம் கூறியதை நம்பும், அவ்வளவே. இன்னுமொன்று: ஒரு சேவை நேரத்தை வினாடிகளில் அனுப்ப, ஜாவாஸ்கிரிப்ட் அதனை மில்லிவினாடியெனக் கொள்ளும். 1700000000 என்னும் எண் வினாடியாயின் 2023 நவம்பர் 14. மில்லிவினாடியாயின் 1970 சனவரி 20. இரண்டும் எண்களே, வகை பார்க்கும் கருவி இதனைப் பிடிக்காது.

ஆகையால் வாயிலிலேயே சோதனை வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரை மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதித்த பின்னரே கப்பலேற்றினர். மனிதரை அவ்வாறு நிறுத்திவைத்ததை நான் போற்றவில்லை. கரையேறுமுன் நோயைத் தடுக்கும் அவ்வொழுங்கையே கருதுகின்றேன். வரும் நிகழ்வை முதலில் ‘அன்னோன்’ என்னும் வகையில் ஏற்று (2018இல் டைப்ஸ்கிரிப்டிற் சேர்ந்தது அது), கட்டங்கள் உளவா, வகை சரியா, நேரம் பொருந்தும் எல்லைக்குள் உளதா என ஒவ்வொன்றாய் வினவியபின்னரே பதிவேட்டிற் சேர்க்கின்றேன். பொருந்தாதவற்றை எறிந்துவிடாது வேறோர் ஏட்டில் வைத்து, மாதமொருமுறை என் கண்ணாற் பார்க்கின்றேன். சேராதோர் பட்டியல் இப்போது வெறுமையாக வருவதில்லை.

அம்முதியவர் தம் பெயரரின் துணையோடு புதிய முகவரி ஒன்று அமைத்துத் தந்துள்ளார். பதிவேட்டில் அவர் பெயரின் கீழ் அப்பழைய 550 இன்னும் நிற்கின்றது. அதனையடுத்த வரியில் 250.