வேகம் வேறு, தாமதம் வேறு

2020 ஆகஸ்டு 30 அன்று இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட்டின் இறுதிப் போட்டி நடைபெற்றது. இந்திய அணியினரும் ரஷ்ய அணியினரும் தாம் இருந்த இடத்திலிருந்தே கணினி வழியாக ஆடினர். முதற்சுற்று மூன்றுக்கு மூன்று எனச் சமநிலையில் முடிந்தது. இரண்டாம் சுற்றில் நிஹால் சரின், திவ்யா தேஷ்முக் ஆகிய இருவரின் இணைப்பும் ஆட்டத்தின் நடுவே அறுந்தது. காயை நகர்த்த இயலாத நிலையில் அவர்களுடைய கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் தீர்ந்ததால் இருவரும் தோற்றதாகக் குறிக்கப்பட்டனர். அன்று உலகின் பல பகுதிகளில் இணையக் கோளாறு ஏற்பட்டிருந்தது. இந்தியா முறையிட்டதை ஏற்று, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு இரு நாடுகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவித்தது.

அத்தகைய கோளாற்றை வீட்டில் இருப்பவர் எவராலும் தடுக்க இயலாது. ஆனால், நாள்தோறும் இணைய விளையாட்டைக் கெடுக்கும் தடங்கல்களுள் பல, வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே பிறப்பவை. இதனை அறியாமல் பல குடும்பங்கள் மாதந்தோறும் கூடுதல் பணம் செலுத்தி வேகமான திட்டத்துக்கு மாறுகின்றன. பணம் கூடுகிறது, தடங்கலோ அப்படியே இருக்கிறது.

அகலப்பட்டை விளம்பரங்களில் காணப்படும் எண், ஒரு விநாடியில் எத்தனை மெகாபிட் தரவு வந்து சேரும் என்பதைக் குறிக்கிறது. இந்தியாவில் அகலப்பட்டை எனப்படுவதற்குக் குறைந்தது விநாடிக்கு 2 மெகாபிட் வேண்டும் என 2023இல் வரையறுக்கப்பட்டது. அதற்கு முன் அவ்வளவு 512 கிலோபிட்டாக இருந்தது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, 50 ஜிகாபைட் அளவுள்ள விளையாட்டு ஒன்றை 100 மெகாபிட் இணைப்பில் பதிவிறக்க 4,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ ஒரு மணி ஏழு நிமிடங்கள் ஆகும். இவ்விடத்தில் வேகம் பெரிதும் உதவும். ஆனால், பதிவிறக்கிய பின் பலர் கூடி ஆடும்போது வீட்டுக்கும் வழங்கிக் கணினிக்கும் இடையே போய்வருபவை சிறு செய்திகளே. ஒருவர் இடப்புறம் திரும்பினார், ஒருவர் பந்தை அடித்தார் என்னும் அளவிலானவை அவை. பெரும்பாலான விளையாட்டுகளுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைவே போதும். ஆட்டத்தையே காணொளியாக அனுப்பும் சேவைகள் மட்டும் இதற்கு விலக்கு.

அச்சிறு செய்தி சென்று, அதற்குரிய மறுமொழி திரும்பிவர ஆகும் நேரமே தாமதம் ஆகும். ஆட்டக்காரர்கள் 'பிங்' என்று குறிப்பிடுவது இதையே. இது மில்லிவிநாடியில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது. அஞ்சல் வண்டி பெரிதானால் பைகளை மிகுதியாக ஏற்றலாம். ஓர் அஞ்சலட்டை ஊர் போய்ச் சேரும் நேரம் அதனால் குறைந்துவிடாது.

தாமதத்தின் முதற்காரணம் தொலைவு. வெற்றிடத்தில் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, ஒளியிழைக்குள் சுமார் 2 லட்சம் கிலோமீட்டரே செல்கிறது. குவாஹாத்தியில் இருக்கும் மாணவி ஒருத்தி மும்பையிலுள்ள வழங்கியில் ஆடுவதாகக் கொள்வோம். இடையிலுள்ள ஒளியிழையின் நீளம் 3,000 கிலோமீட்டர் எனின், போவதற்கு 15, திரும்புவதற்கு 15, ஆக 30 மில்லிவிநாடிகள் ஆகும். வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் இதற்கு மேல். எத்தனை உயர்ந்த திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் இந்த 30 குறையாது. எனவே, வழங்கி இருக்கும் நகரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை விளையாட்டு அளித்தால், அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

தாமதம் சீராக இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். ஒரு கணம் 40, மறுகணம் 300 எனத் தாவும்போதுதான் ஆட்டம் குலைகிறது. அந்தத் தாவல் எங்கே பிறக்கிறது என்பதை எவரும் கண்டறியலாம். கணினியின் கட்டளைச் சாளரத்தில் பிங் கட்டளையைத் திசைவியின் முகவரியோடு தர வேண்டும். திசைவி என்பது வீட்டில் பலரும் 'மோடம்' என்றழைக்கும் அதே பெட்டிதான். அதன் முகவரி அடிப்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1 என்பதாகும். மறுமொழி ஐந்து மில்லிவிநாடிக்குள் சீராக வந்தால் வீட்டுக்குள் குறையில்லை. சேவை நிறுவனத்திடம் முறையிடலாம். அந்த எண்ணே 80, 150 என ஏறி இறங்கினால் குறை வீட்டு வைஃபையில் உள்ளது. வேகமான திட்டம் அதைத் தீர்க்காது.

ஒளியிழை இணைப்பைப் பொருத்த வருபவர், கம்பி மிச்சமாகும் இடத்தில் திசைவியை வைத்துவிட்டுச் செல்வது வழக்கம். பெரும்பாலும் அது வாசற்கதவின் மேல்மூலையாகவோ தொலைக்காட்சியின் பின்புறமாகவோ அமையும். வீட்டின் நடுவே, திறந்த இடத்தில், ஆளுயரத்தில் இருப்பதே நன்று. வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு பட்டைகள் பெருவழக்காக உள்ளன. முன்னது சுவர்களைக் கடந்து செல்லும்; ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் அனைவரும் அதில் நெரிசலிடுவர். புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் அதே பட்டையைக் கலக்கும். பின்னது விரைவானது, நெரிசல் குறைந்தது. இரண்டு சுவர்களைத் தாண்டினால் சோர்ந்துவிடும். ஒரே அறையில் ஆடுவோர் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்வது தகும். எட்டு ஆன்டெனாவும் வண்ண விளக்குகளும் கொண்டு, விளையாட்டுக்கென்றே எனக் கூறி விற்கப்படும் விலையுயர்ந்த திசைவிகளும் உண்டு. விளக்குகள் தாமதத்தைக் குறைப்பதில்லை. திசைவியிலிருந்து கணினிக்கு இழுக்கப்படும் ஒரு சாதாரண கேட்-6 கம்பி அவற்றைவிடப் பயன் தரும். அது 100 மீட்டர் வரை தடையின்றிச் செயற்படும்; சுவரோரமாக ஆணி அடித்துப் பொருத்தினால் காலிலும் இடறாது.

கம்பி இழுத்த பின்னும் மாலை வேளையில் மட்டும் தாமதம் கூடினால், அதற்குக் காரணம் வரிசை. தொடர்வண்டி நிலையத்தின் பயணச்சீட்டுச் சாளரத்தில் ஒருவர் ஐம்பது பேருக்குச் சீட்டு வாங்கினால், ஒரே சீட்டு வேண்டுபவரும் காத்திருக்கத்தான் வேண்டும். வீட்டில் ஒருவருடைய கைப்பேசி திருமண ஒளிப்படங்களை மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றும்போது நிகழ்வது இதுவே. பதிவேற்றத் தரவு திசைவியில் குவிய, விளையாட்டின் சிறு செய்தி அதன் பின்னே நிற்கிறது. அதே வரிசையில் அக்காளின் இணைய வகுப்பும் தந்தையின் அலுவலகக் கூட்டமும் நிற்கின்றன என்பதை ஆடுபவர் எளிதில் மறந்துவிடுகிறார். சில திசைவிகளின் அமைப்புப் பக்கத்தில் எதற்கு முன்னுரிமை என்று வரையறுக்கும் வசதி உண்டு. அங்கே மொத்தப் பதிவேற்றத்தை இணைப்பின் அளவைவிடச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்காக வரம்பிட்டால் வரிசை நீளாது. அவ்வசதி இல்லாத வீட்டில், ஒளிப்படப் பதிவேற்றத்தையும் விளையாட்டின் புதுப்பிப்புகளையும் அனைவரும் உறங்கிய பின் நிகழுமாறு அமைத்தால் போதும்.

எஞ்சியது மின்சாரம். மடிக்கணினிக்கு மின்கலம் உண்டு, திசைவிக்கு இல்லை. அரை நொடி மின்வெட்டும் அதை அணைத்துவிடும். அது மீண்டும் எழுந்து இணைய இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகலாம். திசைவிக்கென்றே சிறிய மின்காப்புக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குமுன் திசைவியின் மின்செருகியில் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும். பல திசைவிகள் 12 வோல்ட்டில் இயங்குபவை; 9 வோல்ட்டில் இயங்குபவையும் உள்ளன. ஒளியிழைப் பெட்டியும் திசைவியும் தனித்தனியாக உள்ள வீட்டில் இரண்டுக்கும் மின்காப்பு வேண்டும்.