ஒரு பாட்டு, இரண்டு ஹெட்போன்

மனிதனுக்குக் காதுகள் இரண்டே. அவற்றுக்கு ஒரு ஜோடி ஹெட்போன் போதாதா? விலையுயர்ந்த ஹெட்போன்கள் இரண்டை வைத்துக்கொண்டு, ஒரே பாட்டை மாறி மாறிக் கேட்பது பணம் படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் கூறுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், அந்தப் பழக்கத்துக்குள் நல்லதோர் இயற்பியல் பாடமும் அடங்கியிருக்கிறது. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரில் ஒலிபெருக்கி நிலையம் நடத்திவரும் என் தாய்மாமன், கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில், சில ஆண்டு இடைவெளியில் இரண்டு ஹெட்போன்களை வாங்கினார். ஒன்று சென்ஹைசர் எச்.டி. 600, மற்றொன்று பேயர்டைனமிக் டி.டி. 770 புரோ. இரண்டுமே ஜெர்மன் நாட்டு நிறுவனங்களின் படைப்புகள். விடுமுறை நாட்களில் கடையில் உதவி செய்யும் எனக்கு இரண்டையும் பலமுறை கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அவை இரண்டும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. அதற்குக் காரணம் என்ன என்று பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

ஹெட்போனின் உள்ளமைப்பு எளியது. வலிமை மிக்க நிலைக்காந்தம் ஒன்று. அதன் காந்தப்புலத்தில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று. சுருளோடு ஒட்டிய மென்படலம் ஒன்று. பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது, நாம் வகுப்பில் படித்த பிளெமிங் இடக்கை விதிப்படி, சுருளின்மீது விசை செயற்படுகிறது. மின்னோட்டம் திசை மாறுந்தோறும் படலம் முன்னும் பின்னும் அசைந்து காற்றை அதிரச் செய்கிறது. இயங்குசுருள் ஹெட்போனை டி.டி. 48 என்ற பெயரில் 1937ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த யூகன் பேயர்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. படலம் காதை நோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. ஆக, ஒரே படலத்திலிருந்து எதிரெதிர்க் கட்டத்தில் இரண்டு ஒலிகள் புறப்படுகின்றன. முன்னொலி காதுக்குச் செல்லட்டும். பின்னொலியை என்ன செய்வது? இந்த ஒரு கேள்விக்குப் பொறியாளர்கள் அளித்த இருவேறு விடைகளே மாமாவின் இரண்டு ஹெட்போன்கள்.

திறந்த வீடும் மூடிய வீடும்

டி.டி. 770 மூடிய வகையைச் சேர்ந்தது. படலத்தின் பின்னால் கெட்டியான கிண்ணம் ஒன்று இருக்கிறது. பின்னொலி அதற்குள் அடைபடுகிறது. அடைபட்ட காற்று ஒரு வில்லைப் போலப் படலத்தை எதிர்த்துத் தள்ளும்; கிண்ணத்தின் சுவரில் மோதிய ஒலியில் ஒரு பகுதி படலத்துக்கே திரும்பி வரும். இவற்றை அடக்குவதுதான் வடிவமைப்பாளரின் தலையாய வேலை. ஆனால் மூடியிருப்பதால் பெரும்பயன் ஒன்று உண்டு. வெளிச்சத்தத்தை இது சுமார் 18 டெசிபெல் குறைக்கிறது. ஒலியழுத்தக் கணக்கில் இது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைவதற்குச் சமம்.

1997ஆம் ஆண்டில் வெளிவந்த எச்.டி. 600 திறந்த வகையைச் சேர்ந்தது. அதன் பின்புறத்தில் சுவர் இல்லை. உலோக வலை மட்டுமே. பின்னொலி தடையின்றி வெளியேறிவிடும். வெளிச்சத்தமும் அதேபோல் தடையின்றி உள்ளே வரும். அருகில் இருப்பவரும் நம் பாட்டைக் கேட்கலாம்! இத்தகைய திறந்த அமைப்பை 1968ஆம் ஆண்டில் எச்.டி. 414 மூலம் உலகுக்கு அறிமுகப்படுத்தியதும் இதே சென்ஹைசர் நிறுவனம்தான்.

அமைப்பு வேறு என்றால் ஓசையும் வேறாகிறது. டி.டி. 770-இல் தாழ்ந்த அதிர்வெண்கள் மிகுந்தும், உச்ச அதிர்வெண்கள் தூக்கலாகவும், மனிதக் குரல் வாழும் இடைப்பகுதி சற்று அடங்கியும் ஒலிக்கின்றன. எச்.டி. 600-இல் இடைப்பகுதி சமமாகவும் இயல்பாகவும் இருக்கிறது. ஆனால் ஆழ்ந்த தாழொலி மெலிந்துவிடுகிறது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986ஆம் ஆண்டில் வெளிவந்த இசைத்தொகுப்பு. அதை மூடிய ஹெட்போனில் கேட்டால் தாழ்ந்த நரம்பிசை தலைக்குள்ளேயே நின்று முழங்குகிறது. திறந்த ஹெட்போனில் கேட்டால் வயலின்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, காற்றோட்டமுள்ள கூடத்தில் வாசிப்பதுபோல் தோன்றுகின்றன. இரண்டுமே இன்பந்தான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

எதை நம்புவது?

எங்கள் ஊர்க் கோயிலில் வாசிக்கும் நாதஸ்வரக் குழுவினரின் வாசிப்பை மாமா பதிவு செய்தார். பதிவை மூடிய ஹெட்போனில் கேட்டபோது, தவிலின் தொப்பியில் கழி விழும் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் இடித்தது; நாதஸ்வரம் ஓரடி பின்வாங்கி நின்றது. “தவிலைக் குறைச்சிரலாமா மாமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மற்றதை என் தலையில் மாட்டினார். அதில் தவில் தன் அளவில் நின்றது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடங்கூடத் தெளிவாகக் கேட்டது. “அந்தத் தவில்காரர் அளவாத்தான் அடிச்சிருக்காரு. இந்தப் பெட்டிதான் கூட்டிச் சொல்லுது” என்றார் மாமா.

மூடியதை மட்டும் நம்பித் தவிலின் அளவைக் குறைத்திருந்தால் என்ன ஆகும்? ஊரார் தத்தம் வீட்டில் கேட்கும்போது தவில் மெலிந்து கிடக்கும். கருவியின் குணத்துக்காக ஒரு கலைஞனின் உழைப்புக் குறைக்கப்பட்டிருக்கும். திறந்ததை மட்டும் நம்பினாலும் ஆபத்துண்டு. பதிவின் அடியில் ஓடும் ஆழ்ந்த இரைச்சல் அதில் மெலிந்து, நம் கவனத்துக்குத் தப்பிவிடலாம்.

இதிலிருந்து நான் அறிந்துகொண்டது இதுதான்: ஒரே ஹெட்போனில் கேட்பவருக்குக் கேட்பதெல்லாம் பாட்டாகவே தோன்றும். இரண்டாவது வந்த பிறகுதான், எது பாட்டு, எது கருவியின் சேர்க்கை என்ற கேள்வியே பிறக்கிறது. இரண்டிலும் பொதுவாகக் கேட்பது பெரும்பாலும் பதிவில் உள்ளது. ஒன்றில் மட்டும் மிகுந்து கேட்பது கருவியின் கைவண்ணமாக இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையைக் கணக்கிடாமல் கம்பியின் விட்டத்தை எழுதுகிறோமா? செவிக்கும் அதே ஒழுங்கு வேண்டும்.

ஒப்பிடும்போது ஒரு நிபந்தனை உண்டு. இரண்டும் சம உரப்பில் ஒலிக்க வேண்டும். உரப்பு மாறினால் தாழொலியைக் காது உணரும் அளவும் மாறும் என்பதைப் பிளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினர். எச்.டி. 600-இன் மின் எதிர்ப்பு 300 ஓம். மாமாவிடம் உள்ள டி.டி. 770-க்கு 80 ஓம். ஒரே மின்னழுத்தத்தில் இரண்டும் பெறும் திறன் வேறு. ஆகவே குமிழை அப்படியே விட்டுவிட்டு ஹெட்போனை மட்டும் மாற்றினால், உரக்க ஒலிப்பதே சிறந்தது என்ற மயக்கம் உண்டாகும்.

விலையும் தரமும்

விலை கூடினால் ஓசை செம்மையாகும் என்று கருதுவதும் பொருந்தாது. யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் துலங்கலை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். விலைக்கும் அதிர்வெண் துலங்கலுக்கும் தொடர்பு இல்லை என்பதே அவர் கண்டது.

ஆகவே எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எவ்விடத்துக்கு உரியது என்று கேட்பதே முறை. அமைதியான அறையில், இரவில், இசையைக் கூர்ந்து கேட்கத் திறந்தது நன்று. பேருந்திலும் விடுதியிலும் மூடியதே நன்று. பேருந்து இரைச்சலை வெல்வதற்காகத் திறந்த ஹெட்போனில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது செவிக்குக் கேடு. வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரமே பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து டெசிபெல் கூடியதற்கு, நேரம் பத்தில் ஒன்றாகக் குறைவதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

விலையுயர்ந்த இரண்டை வாங்க நம்மில் பெரும்பாலோரால் இயலாது, தேவையுமில்லை. பக்கத்து மேசை நண்பரிடம் உள்ளதை ஐந்து நிமிடம் இரவல் வாங்கி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை அதில் கேட்டுப் பாருங்கள். இதுவரை கேட்காத ஒன்று நிச்சயம் கேட்கும்.