கை எங்கே இருக்கிறது?

விஆர் எனப்படும் மெய்நிகர் உலகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளையாடுகிற ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வேடிக்கையாக இருக்கும். கண் முழுக்க மூடியிருக்கிறது. கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பிடிகள். காற்றை வெட்டுகிறார், சட்டென்று குனிகிறார், யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கத்துகிறார். கண்ணாடிக்குள் அவருக்குத் தெரிகிற காட்சியே வேறு. அங்கே அவர் கையில் ஒரு வாள் இருக்கிறது. மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினால் வாளும் அதே அளவு திரும்புகிறது. கையை நீட்டினால் வாள்முனை எதிரியின் கேடயத்தில் படுகிறது.

பிடியில் ஒயர் இல்லை. எதனுடனும் அதைக் கட்டி வைக்கவும் இல்லை. அப்படியானால் கை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கண்ணாடிக்குள் இருக்கும் கணினிக்கு எப்படித் தெரிகிறது?

விடையைச் சுங்குவார்சத்திரத்திலிருந்தே தொடங்கலாம். சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் வருகிற ஊர். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனால் சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். இங்கே சிப்காட்டில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஆயிரக்கணக்கான அக்காமார்கள் ஐபோன்களைப் பூட்டிச் சேர்க்கிறார்கள். ஐபோன் 14 இந்தியாவில் தயாராகிறது என்று 2022-இல் ஆப்பிள் அறிவித்ததே, அது இந்தப் பக்கத்து வேலைதான். போனுக்குள் போகும் நூற்றுக்கணக்கான உறுப்புகளில் அசைவை உணரும் சில்லும் ஒன்று. இந்த வகைச் சில்லு சுமார் 3 மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். சில்லு வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கே போனுக்குள் குடியேறுகிறது. விஆர் பிடிக்குள் இருப்பதும் இதே இனத்துச் சில்லுதான். போனைச் சாய்த்தால் திரையில் படம் திரும்புகிறதே, அந்த வேலையைச் செய்கிறவரே அங்கே வாளையும் சுழற்றுகிறார்.

அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் டிரைவர் பிரேக் போடுகிறார். பஸ் நிற்கிறது, நீங்கள் மட்டும் முன்னால் போகிறீர்கள். பஸ் கிளம்பும்போது பின்னால் சாய்கிறீர்கள். சில்லுக்குள்ளும் சிலிக்கனில் செதுக்கிய ஒரு குட்டித் துண்டு இப்படித்தான் நின்றபடி பயணம் செய்கிறது. வளையக்கூடிய மெல்லிய சிலிக்கன் கால்கள் அதைத் தாங்குகின்றன. துண்டின் ஓரங்களில் வரிசையாகப் பற்கள். அவற்றுக்கு எதிரே, அசையாத இன்னொரு வரிசைப் பற்கள். இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல மடங்கு. பிடியை நீங்கள் வேகமாக இழுத்தால் சிலிக்கன் துண்டு கொஞ்சம் பின்தங்கும், பற்களின் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் அவற்றில் தேங்கும் மின்னூட்டத்தின் அளவும் மாறும். மின்சுற்று அதை அளந்து எண்ணாக்கிவிடுகிறது. இதற்குப் பெயர் முடுக்கமானி. மேல் கீழ், இடம் வலம், முன் பின் என்று மூன்று திசைக்கும் அளக்கும்.

இந்தச் சில்லை முதலில் கேட்டவை கார்கள். மோதல் நடந்தால் நொடியில் நூறில் சில பங்கு நேரத்துக்குள் காற்றுப்பை விரிந்தாக வேண்டும். மோதல் நடந்துவிட்டது என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டுமல்லவா? முன்பு உருளையும் ஸ்பிரிங்கும் வைத்த பெரிய கருவிகள் அந்த வேலையைச் செய்தன. 1991-இல் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் ஏடிஎக்ஸ்எல்50 என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. புவியீர்ப்பைப்போல 50 மடங்கு வரை அளக்கும். பெயரிலுள்ள 50 அதுதான். கார்களுக்காக இந்த வகைச் சில்லுகளைக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் விலை இறங்கியது. விலை இறங்கியதும் போனுக்குள்ளும் விளையாட்டுக் கருவிக்குள்ளும் வைப்பது கட்டுப்படியானது.

நம் பக்கத்துச் சாலையிலேயே இந்தக் கதையின் இரண்டு பாதிகளும் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் சான்ட்ரோ காரோடு தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் திறந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியா போன் ஆலை வந்து, 2014-இல் மூடியது. காரும் போனும் வேறு வேறு உலகம் என்றுதான் நினைப்போம். அசைவை உணரும் சில்லுக்கு இரண்டும் ஒன்றே.

அதே 2006-இன் கடைசியில் நின்டென்டோ நிறுவனம் வீ என்ற விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தது. அதன் ரிமோட்டுக்குள் முடுக்கமானி இருந்தது. பொத்தானை அழுத்துவதற்குப் பதில், கையை வீசினாலே திரையில் டென்னிஸ் மட்டை வீசியது. ஜனங்கள் எவ்வளவு உற்சாகமாக வீசினார்கள் தெரியுமா? மணிக்கட்டில் மாட்டும் வார் அறுந்து, ரிமோட் பறந்துபோய் டிவியிலும் சன்னலிலும் மோதியது. சுமார் 32 லட்சம் வார்களை மாற்றித் தருவதாக நிறுவனம் அந்த டிசம்பரிலேயே அறிவிக்க வேண்டிவந்தது. இன்றைக்கும் விஆர் பிடிகளில் வார் இருக்கிறது. மாட்டிக்கொள்ளச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள்.

முடுக்கமானிக்கு ஒரு பெரிய குறை உண்டு. மறுபடி பஸ்ஸுக்குள் வாருங்கள். நேரான, மேடுபள்ளமில்லாத சாலையில் பஸ் ஒரே வேகத்தில் போகிறது. கண்ணை மூடிக்கொண்டால் போகிறதா நிற்கிறதா என்று உடம்பால் சொல்ல முடியாது. சில்லாலும் முடியாது. வேகம் மாறினால் மட்டுமே அதற்குத் தெரியும். வேகம் எவ்வளவு என்பது தெரியாது. எந்த ஊரில் இருக்கிறோம் என்பது சுத்தமாகத் தெரியாது.

திரும்புவதை அளப்பதும் அதற்குச் சரியாக வராது. அதற்கென்று வேறொரு கருவி இருக்கிறது: ஜைரோஸ்கோப். பள்ளியில் பார்த்திருப்பீர்களே, வேகமாகச் சுற்றும் சக்கரம் தன் திசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். ராக்கெட்டுகளுக்கும் திசை காட்ட ஜைரோ வேண்டும்; நம் இஸ்ரோ இதற்கென்றே திருவனந்தபுரத்தில் ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஆனால் சில்லுக்குள் சக்கரத்தைச் சுற்ற வைப்பது கஷ்டம். அதனால் சுற்றுவதற்குப் பதில் ஒரு சிலிக்கன் துண்டை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அங்குமிங்கும் அதிர வைக்கிறார்கள். அப்படி அதிர்ந்துகொண்டிருக்கும்போது பிடியைத் திருப்பினால், துண்டு தான் போகும் வழியிலிருந்து பக்கவாட்டில் விலகும். சுற்றும் குடை ராட்டினத்தின் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக நடந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தள்ளல் தெரிந்திருக்கும். இதைக் கணக்காக எழுதியவர் பிரான்சு நாட்டுக் கொரியாலிஸ், ஆண்டு 1835. எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பது கிடைத்துவிடும்.

மனிதர்கள் இதைக் கண்டுபிடிப்பதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே ஈக்கள் செய்துவிட்டன. ஈக்கும் கொசுவுக்கும் இறக்கை ஒரு ஜோடிதான். பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில், நுனியில் குமிழ் வைத்த இரண்டு குட்டிக் காம்புகள் இருக்கும். பறக்கும்போது அவையும் இறக்கைகளோடு சேர்ந்து அதிரும். ஈ திரும்பினால் காம்பு விலகும், அடியிலுள்ள நரம்புகள் அதை உணரும். காம்புகள் போய்விட்டால் ஈயால் நேராகப் பறக்கவே முடியாது. நீங்கள் எவ்வளவு வேகமாகக் கையை வீசினாலும் ஈ தப்பிவிடுகிறதே, அதில் இந்தக் காம்புகளுக்கும் பங்கு உண்டு. சுவரில் உட்கார்ந்திருக்கும் பெரிய கொசுவைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள், காம்பு தெரியும்.

ஆக, பிடிக்குள் முடுக்கமானி ஒன்று, ஜைரோ ஒன்று. நொடிக்கு ஆயிரம் தடவைகூட அளவு எடுக்கும். போதுமா? வேகம் எவ்வளவு மாறியது என்று கூட்டிக்கொண்டே வந்தால் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது கிடைக்கும். காகிதத்தில் பார்த்தால் எல்லாம் சரி. இங்கேதான் வம்பு.

எந்தச் சில்லும் நூற்றுக்கு நூறு சரியாக அளக்காது. புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் தப்பாகச் சொல்கிறது என்று வைப்போம். அதாவது ஒவ்வொரு நொடியும் வேகத்தில் நொடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் பிழை சேரும். கையை அசைக்காமல் வைத்திருக்கிறீர்கள். ஒரு நொடி கழித்துக் கை அரை சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகக் கணினி நினைக்கும். பரவாயில்லை. பத்து நொடி கழித்து? அரை சென்டிமீட்டர் பத்து மடங்காகாது, நூறு மடங்காகும். அரை மீட்டர்! ஒரு நிமிடத்தில் 18 மீட்டர். நீங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், உங்கள் வாள் பக்கத்துத் தெருவில் இருக்கும். பிழையைக் கூட்டி, அந்தக் கூட்டலை மறுபடி கூட்டியதால் வந்த வினை இது. எவ்வளவு நல்ல சில்லை வாங்கினாலும் இந்த நகர்வைத் தள்ளிப்போடலாம், ஒழிக்க முடியாது.

அதனால் யாராவது வெளியிலிருந்து கண்ணால் பார்த்து, "தம்பி, கை இங்கேதான் இருக்கிறது" என்று அடிக்கடி சொல்லியாக வேண்டும். இந்தக் கண் வேலையை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகச் செய்தது. வீ ரிமோட்டின் நுனியில் அகச்சிவப்பு ஒளியைப் பார்க்கும் கேமரா இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் பட்டையில் அகச்சிவப்பு விளக்குகள். பட்டை தொலைந்துபோனவர்கள் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்து விளையாடினார்கள். சுடரிலும் அகச்சிவப்பு உண்டு அல்லவா, ரிமோட் ஏமாந்தது. 2016-இல் வந்த எச்டிசி வைவ் என்ற விஆர் கருவி அறையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பெட்டிகளை வைத்தது. அவற்றிலிருந்து லேசர் கோடு அறை முழுக்கப் பெருக்கிக்கொண்டே போகும். பிடியிலுள்ள ஒளி உணரிகளில் எது, எந்தக் கணத்தில் லேசரைக் கண்டது என்ற நேரத்தை வைத்தே கோணத்தைக் கணக்கிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இதுதான். கேமராவே இல்லாமல், கடிகாரத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது!

ஓக்குலஸ் நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் பிடிகளில் ஒரு வளையம் இருந்தது, வளையத்துக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள். பிறகு வந்த அதன் குவெஸ்ட் கருவியில் கேமராக்கள் முகக்கண்ணாடியிலேயே பதிந்திருக்கின்றன. அவை அந்த விளக்குகளின் கோலத்தைப் பார்த்துக் கை எங்கே, எப்படித் திரும்பியிருக்கிறது என்று கண்டுகொள்கின்றன. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால் கேமராவுக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் சில்லுகளின் ஊகம்தான் கைகொடுக்கும். அங்கேயே ரொம்ப நேரம் வைத்திருந்தால் கை தப்பான இடத்துக்கு நழுவ ஆரம்பிக்கும்.

சில்லு வேகமானது, ஆனால் போகப்போகத் தடுமாறும். கேமரா தடுமாறாது, ஆனால் மெதுவானது, மறைந்தால் குருடு. இரண்டு பேரில் யாரை எப்போது எவ்வளவு நம்புவது? ருடால்ஃப் கால்மன் என்ற ஹங்கேரிய-அமெரிக்கக் கணிதவியலாளர் 1960-இல் வெளியிட்ட ஒரு வழிமுறை இதற்கு உதவுகிறது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களும் தங்கள் பாதையைக் கணிக்க இதைத்தான் பயன்படுத்தின. வாள் சண்டைக்கும் நிலாப் பயணத்துக்கும் ஒரே கணக்கு.

வாள் கேடயத்தில் மோதும்போது கையில் சின்ன அதிர்வு வருமே, அது பிடிக்குள் இருக்கும் குட்டி மோட்டாரின் வேலை. தொடு உணர்வைக் கருவியால் உண்டாக்குவது தனி அறிவியலாகவே வளர்ந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் மணிவண்ணனின் ஆய்வகம் பல ஆண்டுகளாக இதில்தான் ஈடுபட்டிருக்கிறது. அதைத் தனியாக இன்னொரு இதழில் பேச வேண்டும்.

விஆர் கருவி விலை அதிகம். அது இல்லாமலே இந்தச் சில்லோடு விளையாட ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைபாக்ஸ்' என்ற இலவசச் செயலியை வீட்டிலுள்ள போனில் போடச் சொல்லுங்கள். அதில் முடுக்கமானியைத் திறந்து, போனை மேசைமேல் அசையாமல் வையுங்கள். சுழி காட்ட வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? 9.8 என்று காட்டும். போன் எங்கும் நகரவில்லை. ஆனால் புவியீர்ப்பு இழுப்பதால் சிலிக்கன் துண்டு தன் கால்களில் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் காட்டுகிறது. கீழே எந்தப் பக்கம் என்று விஆர் பிடி அறிவதும் இப்படித்தான். அடுத்து, பஸ்ஸில் போகும்போது பிரேக்கிலும் வளைவிலும் கோடு எப்படித் துள்ளுகிறது என்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. கட்டிலில் இரண்டு தலையணையை அடுக்கி, பதிவை ஓடவிட்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து போனை அதன்மேல் போடுங்கள். விழுகிற அந்தச் சின்ன நேரத்தில் 9.8 கிட்டத்தட்டச் சுழிக்கு இறங்கியிருக்கும். ஏன்? யோசித்து எங்களுக்கு எழுதுங்கள். போனுக்குச் சொந்தக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.