கை தேறினால் போதுமா?

பக்கவாதத்தில் ஒரு பக்கம் தளர்ந்துபோனவருக்கு, உயிர் தப்பியதும் அடுத்த கவலை அன்றாடப் பாடுதான். சட்டை போடுவது, குளிப்பது, சமைப்பது, வேலைக்குத் திரும்புவது எல்லாவற்றையும் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது. பாதித்த கையைச் சட்டைக்குள் முதலில் நுழைக்கவும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கவும் பழக்குவது தொடங்கி, குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தச் சொல்வது வரை இதற்குத் துணைநிற்பது ஆக்குபேஷனல் தெரபி. அது பலன் தந்ததா என்று யார் சொல்வது? செயல்திறனை அளந்தால் போதும் என்கிறது ஒரு தரப்பு. நோயாளிக்குத் திருப்தியா என்று கேட்க வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. எதைப் பற்றிய திருப்தி என்பதில் தெளிவு வந்துவிட்டால், இந்தச் சச்சரவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அளவுகோல்களில் பரவலாகப் பயன்படும் ஒன்று, 1965-இல் அமெரிக்காவில் வெளியான பார்தெல் குறியீடு. உண்பது, உடுத்துவது, கழிப்பறை செல்வது, படியேறுவது எனப் பத்து அம்சங்களுக்கு மதிப்பெண், மொத்தம் 100. நோயாளியின் மனநிலையைச் சாராமல் கண்ணால் பார்த்தே மதிப்பிடலாம் என்பது அதன் பலம். ஆனால், 100 வாங்கியவரால் தனியாக வாழ முடியும் என்று பொருளில்லை, சமைக்கவோ வீட்டைக் கவனிக்கவோ அவரால் முடியாமலிருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே எழுதிவைத்தார்கள். நூறும் வாங்கிய ஒரு தையல்காரருக்கு ஊசியில் நூல் கோக்க வராவிட்டால், அந்த எண் அவர் பிழைப்புக்கு உதவாது.

அப்படியென்றால் திருப்தியையே கேட்கலாமே என்றால், அதற்கும் வலுவான மறுப்பு உண்டு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மருத்துவர்கள்மீது மிகுந்த திருப்தி கொண்டவர்களிடையே மருத்துவச் செலவும் இறப்பு விகிதமும் கூடுதலாக இருந்தன. திருப்திதான் காரணம் என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் திருப்தி வேறு, நலம் வேறு என்ற எச்சரிக்கையைத் தள்ளிவிடவும் முடியாது. மறுவாழ்வுச் சிகிச்சையில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. நோயாளியின் பொத்தானைத் தானே போட்டுவிடும் தெரபிஸ்ட் உடனே நல்ல பெயர் வாங்குவார். தடுமாறவிட்டுத் தேவையான இடத்தில் மட்டும் கைகொடுக்கும் தெரபிஸ்ட் கோபத்தைத்தான் சம்பாதிப்பார்.

ஆனால் இந்த மறுப்பு, சேவையைப் பற்றிய திருப்திக்கே பொருந்தும். 1991-இல் கனடாவில் வெளியான சி.ஓ.பி.எம். என்ற மதிப்பீட்டு முறை கேள்வியையே மாற்றியது. உங்களுக்குச் செய்யத் தேவையான, செய்ய விருப்பமான, ஆனால் சரியாக வராத வேலைகள் எவை என்று நோயாளியிடமே கேட்டு, முக்கியமான ஐந்து வரை தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு நன்றாகச் செய்கிறார், அப்படிச் செய்வதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை அவரே இரண்டு மதிப்பெண் போடுகிறார். சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் கேட்கும்போது 2 புள்ளி கூடியிருந்தால் அதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம். இங்கே எடைபோடப்படுவது சிகிச்சையாளரின் கனிவு அல்ல, நோயாளியின் சொந்தச் செயல்.

இதுவும் அவரவர் மனக்கணக்குத்தானே, விதியே என்று பழகிக்கொண்டவரும் உயர்ந்த மதிப்பெண் போடுவாரே என்று கேட்கலாம். நியாயமான ஐயம். செயலுக்கும் திருப்திக்கும் தனித்தனி மதிப்பெண் இருப்பது அங்கேதான் உதவுகிறது. செயல் உயராமல் திருப்தி மட்டும் உயர்ந்தால், அது விதியே என்ற சமாதானமா, ஒற்றைக் கையால் சமாளிக்கக் கற்றுக்கொண்ட நிறைவா என்று தெரபிஸ்ட் விசாரிக்க வேண்டும். மறதிநோயாலோ பேச்சிழப்பாலோ பதில் சொல்ல முடியாதவர்களுக்குக் குடும்பத்தாரின் சொல்லும் நேரடிக் கவனிப்பும் தேவைப்படும். ஆகவே பார்தெல் போன்ற அளவுகோல்களைக் கைவிட வேண்டியதில்லை. உடல் எதைச் செய்கிறது என்பதை அவை காட்டும். எந்தச் செயலுக்காக இவ்வளவு பாடு என்பதை நோயாளிதான் சொல்ல முடியும். அந்தக் கேள்வியைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளுக்குத் தள்ளிப்போடாமல், தொடங்கும் நாளிலேயே கேட்டால்தான் பயிற்சியை அதற்கேற்ப அமைக்க முடியும்.