கோடையில் மின்கட்டணம் ஏறுவதேன்?

மாரி முடிந்து பங்குனி பிறந்ததும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் வீடுகளில் மின்கட்டணம் ஏறத் தொடங்கும். ஆடி, ஆவணி வரை இறங்குவது அரிது. மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியுமே இதற்குக் காரணமெனப் பலர் கருதுவர். அவற்றுக்கும் பங்குண்டு. 75 உவாற்று மின்விசிறி நாள்தோறும் பத்து மணி நேரம் சுழலுமாயின் மாதத்திற்கு 22 அலகுக்கு மேற் செலவாகும். ஆளில்லாத அறையில் விசிறியை நிறுத்துவதும், குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டாது வைப்பதும், சூடாறாத கறிச்சட்டியை அதனுள் வையாதிருப்பதும் போதிய பயனளிக்கும்.

ஆயினும், தோட்டக் கிணற்றின் நீர்ப்பம்பி வீட்டு மின்மானியோடு இணைக்கப்பட்டிருப்பின், உயர்வின் பெரும்பகுதி அதனாலேயே உண்டாகும். ஒரு குதிரைவலு மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஓர் அலகு தீரும். அலகு கூடக் கூட அலகின் விலையும் ஏறும் வீதமுறையில் இந்தச் சுமை இன்னும் பெரிதாகும்.

பம்பி கோடையில் நெடுநேரம் ஓடுவதற்குக் காரணங்கள் இரண்டு. பயிர் கேட்கும் நீர் கூடுகின்றது. கிணற்று நீர் ஆழத்துக்குப் போகின்றது. சோளகக் காற்று வீசும் வெயில் நாளில் தோட்டத்திலிருந்து 5 அல்லது 6 மில்லிமீற்றர் நீர் ஆவியாகிவிடும். ஒரு பரப்புக் காணியில் 1 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ 250 லீற்றர். ஆகவே எட்டுப் பரப்பு மிளகாய்த் தோட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 லீற்றர் அல்லது அதற்கு மேலும் இழக்கும்.

நீர்மட்டம் தையில் 3 மீற்றர் ஆழத்தில் நின்று ஆடியில் 6 மீற்றருக்கு இறங்கியதென வைத்துக்கொள்வோம். அதே அளவு நீரைக் கிணற்றின் வாய்வரை உயர்த்த இருமடங்கு வேலை வேண்டும். தரையில் நிற்கும் பம்பி 7 மீற்றருக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச மிகவும் இடர்ப்படும். அப்பொழுது குழாயில் விழும் நீர் மெலியும். மோட்டாரோ பெரிதும் குறையாது மின்சாரத்தை உட்கொள்ளும். அத்தகைய கிணற்றில் பம்பியை உள்ளே உறுதியான தட்டொன்றில் இறக்கி வைத்து, மாரிக்கு முன் மேலேற்றுதல் நன்று.

பம்பியின் நிலையை அறியப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்று எத்தனை நிமிடத்தில் நிரம்புகின்றதென மாதம் ஒருமுறை குறித்து வைக்குக. நீர்மட்டம் அதிகம் இறங்காதிருக்கவும் நேரம் நீளுமாயின், உறிஞ்சு குழாயின் பூட்டுகளிற் காற்றுப் புகுகின்றதா, அடிவால்வின் வலையிற் பாசி அடைத்துள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். தொடுமுன் பிரதான ஆளியை நிறுத்துக.

இறைத்த நீரை வழியில் இழப்பதும் மின்சாரத்தை இழப்பதே. செம்மண் வாய்க்கால் நீரை விரைவில் உறிஞ்சுமாதலால், பாத்திவரை குழாய் இடுதல் தகும். மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு வைக்கோலால் பத்திரக்கலவை இட்டால் ஆவியாதல் குறையும். வசதியுள்ளோர் சொட்டு நீர்ப்பாசனத்தை நாடலாம். நாட்கணக்கைப் பார்த்து இறைப்பதே நம்மவர் வழக்கம். மண்ணைப் பார்த்து இறைப்பதே முறை. வேர் நிற்கும் ஆழத்து மண்ணைக் கையிற் பிடித்து, அது உருண்டையாகத் திரளுமாயின் அன்று இறைப்பைத் தள்ளிப்போடலாம்.

மிதமிஞ்சிய இறைப்பினால் கிணற்றுக்கும் கேடுண்டு. குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையில் மழைநீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் மட்டம் 1 அடி தாழ்ந்து அப்படியே நிற்குமாயின், கீழுள்ள உவர் 40 அடி வரை மேலெழ இடமுண்டு. ஆதலால், நீரில் உவர்ப்புத் தட்டினால் ஒரே மூச்சில் இறையாது, அதிகாலையிற் சிறிதும் மாலையிற் சிறிதுமாக இறைத்து, இடையிற் கிணற்றை ஊறவிடுதல் வேண்டும். வெங்காயம் உவரைத் தாங்காத பயிர்.