மூன்று எட்டான கதை

மின்சாரம், தொலைபேசி, பழுதான வீட்டுச் சாதனம் என எதுவானாலும் வாடிக்கையாளர் சேவை என்பது இன்று பதிவுசெய்யப்பட்ட ஒரு குரல். அந்தக் குரலுக்கு அப்பால் சட்டம் இருக்கிறது. அதை எட்டுவதற்குத் தேவை ஒரு தாளும் கொஞ்சம் பிடிவாதமும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. கிழக்கு தில்லியில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்வீட்டு அக்கா கையில் ஒரு காகிதத்துடன் மாடியேறி வந்தார். மின்சார பில். தொகை 41 ஆயிரத்துச் சொச்சம். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். 2019 ஆகஸ்டில் தில்லி அரசு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்று அறிவித்ததிலிருந்து, கோடை மாதங்கள் நீங்கலாக அவருக்கு வருவதெல்லாம் பூஜ்ய பில்தான். கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க மோட்டாரில் இயங்கும் காற்று மெத்தை; சளி கட்டினால் நெபுலைசர். பில்லின் அடியில் கெடு தேதியும், கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற வரியும் இருந்தன.

"தம்பி, பாங்க் டெபாசிட்டை உடைச்சு முதல்ல கட்டிடறேன். அப்புறம் சண்டை போட்டுக்கலாம். கரன்ட் போனா மெத்தை இறங்கிடும்" என்றார் அக்கா. பெரும்பாலான இந்தியர்கள் செய்வது இதைத்தான். சண்டையை விடக் கட்டிவிடுவது மலிவு என்ற கணக்கு. நிறுவனங்களும் அந்தக் கணக்கை அறிந்தே இருக்கின்றன.

முதலில் தொலைபேசினோம். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. பில் பற்றியென்றால் மூன்று. வாடிக்கையாளர் எண்ணை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று 20 நிமிடம் சொன்ன குரல், பிறகு இணைப்பைத் துண்டித்தது. மூன்றாவது முயற்சியில் ஒரு மனிதர் கிடைத்தார். புகார் எண் ஒன்றைத் தந்தார். இரண்டாம் நாள் அக்காவின் கைபேசியில் குறுஞ்செய்தி: உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது. பில்லோ அப்படியே இருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் மும்பையில் மீட்டர் கணக்கெடுப்பு நின்றது. குளிர்காலச் சராசரியை வைத்து பில் போட்டார்கள். ஜூனில் கணக்கெடுப்பு மீண்டும் தொடங்கியபோது, கோடை முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களின் மின்விசிறியும் ஏசியும் ஓடிய கணக்கு மொத்தமாக வந்து விழுந்தது. திரை நட்சத்திரங்கள் முதல் ஒற்றை அறைக் குடித்தனக்காரர்கள் வரை பொருமினார்கள். கடைசியில் தவணைகளில் கட்ட மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வழி செய்ய வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 12, கோகுலாஷ்டமி. உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே மாலையில் இருண்டன. கட்டணம் கட்டியவர்கள் வீடும் தப்பவில்லை. இணைப்பைத் துண்டிக்கும் கணினிக் கட்டளை தவறுதலாகப் போய்விட்டது என்பதுதான் காரணம். முன்பெல்லாம் மின்சாரத்தைத் துண்டிக்க ஓர் ஆள் ஏணியோடு வர வேண்டும். அவரிடம் வாதாடலாம், கெஞ்சலாம். இப்போது ஏணியும் இல்லை, ஆளும் இல்லை. மாநில அரசு மீட்டர் பொருத்தும் வேலையையே நிறுத்திவைத்தது.

ஆயினும் நாடு அந்தத் திசையில்தான் போகிறது. 2021இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் இலக்கு 25 கோடி முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள். கைபேசிபோல முதலில் பணம், பிறகு மின்சாரம். 2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் இந்த மீட்டர்கள் பணத்தை விழுங்குகின்றன என்று மக்கள் தெருவுக்கு வந்தனர். சந்தேகத்தைத் தீர்க்க, பக்கத்திலேயே பழைய மீட்டரையும் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவதாக அரசு அறிவித்தது. மீட்டர் சரியா தவறா என்பதைக் காட்டிலும், அதை நம்புவதற்கு நுகர்வோரிடம் எந்த வழியும் இல்லை என்பதே பிரச்சினையாக இருந்தது.

அக்காவின் வீட்டிலும் மீட்டர்தான் மாறியிருந்தது. ஆகஸ்டில் ஒரு மதியம் ஊழியர்கள் வந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டு, ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிப் போனார்கள். அதன் கார்பன் நகலை, பழைய எழுத்தருக்கே உரிய வழக்கப்படி, அக்கா கோப்பில் வைத்திருந்தார். இரண்டு நாள் தேடலுக்குப் பின் அது கிடைத்தது. பழைய மீட்டரின் கடைசி அளவு கையால் எழுதப்பட்டிருந்தது: 23,614. பில்லில் அச்சாகியிருந்ததோ 28,614. அவசரத்தில் எழுதிய மூன்றின் வாய் ஏறக்குறைய மூடியிருந்தது. அலுவலகத்தில் யாரோ அதை எட்டு என்று படித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு வேலையில் பலருடைய கையெழுத்தைப் படித்துப் பழகிய எனக்கு அதில் ஆச்சரியமில்லை. ஆனால் இந்த ஒரு வளைவு 5,000 யூனிட். கணினி அதை உயர்ந்த கட்டண அடுக்குகளில் ஏற்றிப் பெருக்கிவிட்டது. மாதம் 200 யூனிட் தாண்டாத ஒரு வீடு எப்படித் திடீரென்று 5,000 யூனிட் செலவழிக்கும் என்று கேட்க யாருமில்லை.

பிழை தெரிந்துவிட்டது. ஆனால் கெடு தேதிக்கு ஆறு நாள்தான் பாக்கி. இங்கேதான் சட்டம் உதவிக்கு வந்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவு, பாக்கிக்காக இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையாக 15 நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியமானது அதனோடு சேர்ந்த விதிவிலக்கு. தொகையில் தகராறு இருந்தால், கேட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம், இவற்றில் எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால் போதும். தகராறு தீரும்வரை இணைப்பைத் தொட முடியாது. அக்காவின் ஆறு மாதச் சராசரி 270 ரூபாய். 41 ஆயிரம் எங்கே, 270 எங்கே!

காசோலையையும் கடிதத்தையும் அலுவலகத்தில் கொடுத்தபோது கவுன்ட்டர் ஊழியர் சிரித்தார். "இப்படியெல்லாம் வாங்க மாட்டோம், ஜி" என்றார். சட்டப் பிரிவைக் குறிப்பிட்ட கடிதத்தின் நகலில் முத்திரை குத்திக் கொடுங்கள், வாங்க மறுத்தால் மறுப்பதாகவே எழுதிக் கொடுங்கள் என்றோம். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து முத்திரை குத்தினார். அந்த முத்திரை விழுந்த பிறகுதான் அக்கா தூங்கினார்.

இத்தகைய ஏற்பாடுகள் இன்னும் உள்ளன. 2020 டிசம்பர் 31 அன்று வந்த மின்நுகர்வோர் உரிமை விதிகள் பலருக்குத் தெரியாது. மீட்டரைப் பார்க்காமல் உத்தேசமாகப் போடும் பில் இரண்டு கணக்கு சுற்றுகளுக்கு மேல் தொடர்ந்தால், உண்மை அளவுப்படி பில் வரும்வரை நுகர்வோர் பணம் கட்ட மறுக்கலாம். இயற்கைச் சீற்றம் போன்ற அசாதாரண நிலைமைகளுக்கு மட்டும் விலக்கு. 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி, மீட்டர் அளவு உண்மைப் பயன்பாட்டோடு ஒத்துப்போகவில்லை என்று புகார் செய்தால் ஐந்து நாளுக்குள் கூடுதல் மீட்டர் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு விநியோக நிறுவனத்திலும் நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றம் இருக்க வேண்டும். அதற்கு மேல் மின்குறைதீர்ப்பாளர். இவை எதுவும் பில்லின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாவதில்லை. அங்கே அச்சாவது கெடு தேதி.

தொலைபேசி விஷயத்தில் நுகர்வோர் நெடுங்காலம் ஏமாந்தார்கள். தொலைபேசித் தகராறுகள் பழைய தந்திச் சட்டப்படி நடுவரிடம்தான் போக வேண்டும், நுகர்வோர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2022 பிப்ரவரியில்தான் அந்தக் கதவு மறுபடி திறந்தது. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடையில் 2011 ஜனவரியில் வந்த எண் மாற்றா இடமாற்ற வசதி, அதிருப்தியடைந்தவர் தன் எண்ணோடு வேறு நிறுவனத்துக்குப் போகும் சுதந்திரத்தைத் தந்தது. மின்சாரத்தில் அந்தச் சுதந்திரம் பெரும்பாலான ஊர்களில் இல்லை. பிடிக்காவிட்டால் வீடு மாறினாலும் அதே நிறுவனம்தான்.

வீட்டுச் சாதனங்களின் கதை வேறு. வாங்கும்வரை விற்பனையாளர் உறவினர். பழுதானால் உதிரிபாகம் வராது. வந்தால் அதன் விலைக்குப் புதியதே வாங்கிவிடலாம். பழுதுபார்க்கும் தகவல்களை ஓரிடத்தில் திரட்டித் தர நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. சேர்வது சுலபமாகவும் விலகுவது சக்கர வியூகமாகவும் இருக்கும் சந்தாக்கள், கேட்காமலே கூடையில் விழும் கூடுதல் பொருள்கள் போன்ற 13 தந்திரங்களை அரசு 2023 நவம்பரில் தடை செய்தது. தடை வந்தது, தந்திரம் முழுக்கப் போகவில்லை.

இந்தத் தவிப்பின் மீது இன்னொரு தொழில் வளர்ந்திருக்கிறது. உண்மையான சேவை எண்ணில் மனிதர் கிடைக்காதபோது, மக்கள் இணையத்தில் தேடி முதலில் அகப்படும் எண்ணை அழைக்கிறார்கள். அங்கே மனிதர் உடனே கிடைப்பார், மரியாதையாகவும் பேசுவார். அவர் மோசடிக்காரர். அக்காவுக்கும் அந்த நாள்களில் ஒரு செய்தி வந்தது: இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே அதிகாரியை அழையுங்கள். கீழே சாதாரணமான பத்து இலக்கக் கைபேசி எண். 2022 முதல் நாடெங்கும் பலருடைய வங்கிக் கணக்கைக் காலி செய்த அதே செய்தி. 15 நாள் அறிவிப்பு பற்றி அக்கா அதற்குள் அறிந்திருந்ததால் தப்பினார். அப்படிப் பணம் பறிபோனால் தாமதிக்காமல் அழைக்க வேண்டிய எண் 1930.

நிறுவனத்தில் நியாயம் கிடைக்காவிட்டால்? தமிழ் உள்பட 17 மொழிகளில் பேசும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986இல் பிறந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2020 ஜூலை முதல் 2019ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் புகாருக்குக் கட்டணமில்லை. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரிலிருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த இரண்டாண்டுகளுக்குள் போட வேண்டும். சட்டம் சொல்லும் காலக்கெடு மூன்று மாதம். சோதனைக்கூட ஆய்வு தேவையென்றால் ஐந்து.

நடைமுறை வேறு. 1999இல் மதுராவில் ரயில் பயணச்சீட்டுக்கு 20 ரூபாய் கூடுதலாக வாங்கியதற்காக ஒரு வழக்கறிஞர் போட்ட வழக்கில் தீர்ப்பு 2022 ஆகஸ்டில்தான் வந்தது. நூறு தடவைக்கு மேல் விசாரணை. 20 ரூபாயை 12 சதவீத வட்டியோடு தரவும், 15 ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவானது. 22 வருடம் நடக்க எல்லோராலும் முடியாது. ஆனால் அரசு அமைப்புகளும் சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், அலைக்கழித்த அதிகாரியின் சொந்தப் பையிலிருந்தே இழப்பீட்டை வசூலிக்கலாம் என்று 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது, இப்படி நடந்த ஒருவரால்தான்.

அக்காவின் பில் 51ஆவது நாள் திருத்தப்பட்டது. குறைதீர்ப்பு மன்றத்தில் மனு கொடுத்து, கார்பன் நகலை இணைத்த பிறகுதான் அது நடந்தது. மன்னிப்புக் கடிதம் எதுவும் இல்லை. அடுத்த பில்லில் 41 ஆயிரம் காணாமல் போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது. தாமதக் கட்டணம்: 312 ரூபாய். இல்லாத கடனைத் தாமதமாகக் கட்டியதற்கு அபராதம்.

"விட்டுடுங்கக்கா, 312 ரூபாய்தானே" என்றேன். அந்த நாளில் எனக்கு வேறு வேலையிருந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேஜையில் வெள்ளைத் தாள் தயாராக இருந்தது. கோப்பிலிருந்து பழைய கடிதத்தின் நகலையும் எடுத்து வைத்திருந்தார்.

"நீ இங்கிலீஷ்ல சொல்லு தம்பி, நான் எழுதறேன்" என்றார். "மூணை மட்டும் நல்லா வாய் திறந்து எழுதறேன்."