மலையோரத்து உயிர்கள் – 9: கைவிடப்பட்ட நாய் வீடு சேரும் வழி

வீட்டில் வளர்ந்து பின்னர் கைவிடப்பட்ட நாயின் நிலை, தெருவிலேயே பிறந்து தெருவிலேயே வாழும் நாயின் நிலையிலிருந்து முற்றிலும் வேறானது. தெருநாய்க்குத் தன் உணவைத் தேடவும், வாகனத்துக்கு விலகவும், பிற நாய்க் கூட்டங்களின் எல்லையறிந்து ஒதுங்கவும் தெரியும். வேளைதோறும் ஒரே கையிலிருந்து உண்டு பழகிய வளர்ப்பு நாய்க்கு இவற்றுள் எதுவும் தெரியாது. ஆகவே, சென்ற இதழில் விளக்கப்பட்ட இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு முறை, அதாவது தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறை, இதற்குத் தீர்வாவதில்லை. இதற்கு வேண்டியது இன்னொரு வீடு. அந்த வீட்டைத் தேடித் தருவதே மீட்பு அமைப்புகளின் பணிகளில் மிகக் கடினமானது. வெளியார் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிவதும் அதுவே.

சட்டம் இந்த விலங்கை மறந்துவிடவில்லை. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வளர்ப்பவர் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமலிருப்பதையும், பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி விலங்கைக் கைவிடுவதையும் குற்றமாகவே வகுத்திருக்கிறது. ஆனால் முதல்முறைக் குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்கு மேற்படாமல் என நிர்ணயிக்கப்பட்டது. நாயை வாங்கும்போது ஆயிரக்கணக்கில் செலவிடுகிறவரை 50 ரூபாய் எவ்வகையிலும் தடுக்காது. திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலைத்துறையில் புரூனோ என்ற நாய் 2021 ஜூன் மாதம் அடித்துக் கொல்லப்பட்டதையடுத்துக் கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், வளர்ப்பு விலங்குகளை உள்ளாட்சி அமைப்புகளிடம் பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிடப்பட்டது. பதிவு இருந்தால்தான் கைவிட்டவர் யார் என்று கேட்கவே முடியும் என்பதால், தண்டனையைக் காட்டிலும் இதுவே பயன் மிக்க ஏற்பாடு.

கேரளத்தில் பாலக்காட்டின் கிழக்கு ஓரமும் இடுக்கியின் எல்லை வட்டங்களும் தமிழ் பேசும் மக்கள் நிறைந்தவையாயினும், கைவிடப்பட்ட நாய்க்கு உதவி கிடைப்பதில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. வாளையாறு, சிற்றூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகள் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளியில் அமைந்திருப்பதால் அவற்றுக்குக் கோயம்புத்தூர் அண்மையில் இருக்கிறது. 2006இல் அங்கு தொடங்கப்பட்ட ஹியூமேன் அனிமல் சொசைட்டி போன்ற அமைப்புகளும் பெருநகர மருத்துவ வசதியும் எட்டும் தூரத்தில் உள்ளன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலோ கால்நடை மருத்துவரை அடையவே நெடிய மலைப்பாதையைக் கடக்க வேண்டும். அங்கு நாய் கைவிடப்படுவதற்கான காரணமும் வேறு. லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பு வேலையோடு பிணைக்கப்பட்டது. பணி ஓய்வு பெறும் குடும்பம் அதைக் காலி செய்துவிட்டுச் சமவெளியில் ஒரு வாடகை அறைக்கோ உறவினர் வீட்டுக்கோ போகும்போது நாயை உடன்கொண்டு செல்ல வழியில்லாமல் போகிறது. இதை அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது.

பேரிடர் இதே நிலையை ஒரே இரவில் உண்டாக்கியது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு, லயங்களை மண்ணுக்குள் புதைத்து 70 உயிர்களைப் பறித்தது. இறந்தவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறைப் பூர்வீகமாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர்கள். உயிர் தப்பிய குவி என்ற நாய் நாள்கணக்கில் அங்கேயே சுற்றித் திரிந்து, தன் வீட்டுக் குழந்தையின் உடல் ஆற்றில் வெகுதொலைவு கீழே கிடந்த இடத்தைக் காட்டிய செய்தி அன்று நாடெங்கும் பரவியது. அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. உணவை ஏற்காமல் கிடந்த குவியை இடுக்கி மாவட்டக் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவைச் சேர்ந்த பயிற்சியாளர் உரிய அனுமதி பெற்றுத் தம் பொறுப்பில் எடுத்துத் தேற்றினார். அக்குடும்பத்தில் பிழைத்திருந்த பாட்டி கேட்டுக்கொண்டதன்பேரில் 2021இல் அது அவரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது. உடனடிப் புகலிடம், உடலும் மனமும் தேறும் காலம், உரியவர் இருக்கிறாரா என்ற விசாரணை, முறையான ஒப்படைப்பு ஆகிய நான்கும் இதில் இருந்தன. ஊரறிந்த நாயாக இருந்ததால் குவிக்கு இவை வாய்த்தன. பெயர் தெரியாத நாய்க்கும் இவை வாய்க்கச் செய்வதற்காகவே மீட்பு அமைப்புகள் இருக்கின்றன.

மீட்கப்பட்ட நாயை நேராக இன்னொரு வீட்டில் விடுவது ஆபத்தானது. பார்வோ, டிஸ்டம்பர் ஆகிய தொற்றுநோய்களின் கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறி வெளிப்படச் சில நாள்கள் முதல் இரண்டு வாரம் வரையோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், முதலில் பிற நாய்களிடமிருந்து விலக்கி வைப்பது முறை. நெடுநாள் பட்டினி கிடந்த நாய்க்கு இரக்கத்தால் வயிறு நிறையச் சோறு வைப்பதும் தவறாகலாம். திடீரென மிகுதியாக உண்ணும்போது இரத்தத்தில் பாஸ்பரஸ் அளவு சரிந்து உயிருக்கே கேடு நேரக்கூடும். இது மறு ஊட்ட நோய்க்குறி எனப்படும். அதனால் சிறு அளவாகப் பல வேளை பிரித்துக் கொடுத்து, மெல்ல மெல்லவே முழு உணவுக்குக் கொண்டு வருகிறார்கள். குட்டியாக இருந்தபோது கட்டிய சங்கிலி கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தால் அறுவை மருத்துவம் தேவைப்படும். உண்ணிக் காய்ச்சலும் சொறியும் தீர வாரக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும். பிறகுதான் கருத்தடை. கருத்தடை செய்யாமல் தத்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டே ஓர் ஈற்றுக் குட்டிகள் தெருவுக்கு வரக்கூடும்.

இந்த வாரங்களைக் காப்பகத்தின் கூண்டைவிட, தற்காலிகமாக நாயை ஏற்றுப் பராமரிக்கும் ஒரு வீட்டில் கழிப்பதே நல்லது. அந்த நாய் குழந்தைகளைக் கண்டு அஞ்சுமா, கோழியைத் துரத்துமா, தனியே இருக்குமா என்பவை வீட்டுச் சூழலில்தான் தெரியவரும். அவை தெரிந்தால்தான் பொருத்தமான குடும்பத்தைத் தேட இயலும். கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிடாத அமைப்பே நல்ல அமைப்பு. வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா, வாடகை வீடாயின் உரிமையாளர் ஒப்புகிறாரா, நாய் நாள் முழுதும் கட்டப்பட்டுக் கிடக்குமா, காட்டோரமாயின் சிறுத்தை வரக்கூடிய இரவில் அதை எங்கே அடைப்பார்கள் என்றெல்லாம் கேட்டு, வீட்டை நேரில் பார்த்த பிறகே கொடுப்பது முறை. தோட்டத்துக் காவலுக்கு என்று கேட்பவரிடம் மிகுந்த கவனம் வேண்டும். சங்கிலியிலிருந்து மீட்ட நாய் இன்னொரு சங்கிலிக்கே போய்ச் சேரக்கூடும்.

லாப்ரடாருக்கு விண்ணப்பங்கள் குவிய, மலைக் குளிருக்கும் மழைக்கும் ஏற்கெனவே பழகிய வயது முதிர்ந்த நாட்டு நாய் கேட்பாரற்றுக் காத்திருப்பது வருத்தத்துக்குரியது. குட்டி எவ்வளவு வளரும், எப்படிப்பட்ட குணம் கொள்ளும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். வளர்ந்த நாயின் குணமோ கண்முன்னே இருக்கிறது.

தத்து ஒப்பந்தங்களில் அமைப்புகள் பொதுவாக ஒரு விதி சேர்க்கின்றன: வளர்க்க இயலாத நிலை வந்தால் நாயை வேறு எவரிடமும் கொடுக்காமல், தெருவிலும் விடாமல், அமைப்பிடமே திருப்பித் தர வேண்டும், அதற்காக எவரும் குற்றம் சாட்டப்பட மாட்டார்கள். இதே ஏற்பாடு தோட்டங்களுக்கும் வர வேண்டும். ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரிந்த ஒன்று. லயத்தைக் காலி செய்யவிருக்கும் குடும்பம் சில மாதங்களுக்கு முன்பே ஓர் அமைப்பிடமோ ஊராட்சியிடமோ தெரிவிக்க வழியிருந்தால், நாய் பழைய வீட்டில் இருக்கும்போதே அதற்கான புதிய வீட்டைத் தேடத் தொடங்கலாம்.